ஆணத்துக்குக் கழித்த மூன்று மார்க்

“பன்முகத்தன்மைன்னா என்னங்க மேடம்?”

போன செவ்வாய்க்கிழமை தில்லைநகரில் ஒரு பதிப்பக முதலாளி என்னைப் பார்த்துக் கேட்ட கேள்வி இது. பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நோட்ஸ் போடுகிறவர். என் கையில் ஒன்பது பக்கத்துக்கு ஒரு கேள்விப் படிவம். ‘தங்கள் நிறுவனத்தின் ஆட்சேர்ப்பில் சமத்துவமும் பன்முகத்தன்மையும் உறுதிசெய்யப்படுகின்றனவா?’ என்பது அதில் முதல் கேள்வி. இங்கிலீஷில் கருத்தரித்துத் தமிழில் பிறந்த வாக்கியம். முதலாளி பயந்துபோனதில் என்ன ஆச்சரியம்?

“ஒண்ணுமில்லீங்க. உங்ககிட்ட வேலை பார்க்கிறவங்க எல்லாம் ஒரே மாதிரி ஆளுங்களா, இல்ல பலதரப்பட்டவங்களான்னு கேக்குறாங்க” என்றேன்.

“பலதரப்பட்டதுதாங்க! கணக்கு போடுறோம், சயின்ஸ் போடுறோம், இப்ப சமையலும் ஜோசியமும்கூட ஆரம்பிச்சிருக்கோம்.”

‘ஆம்’ என்ற கட்டத்தில் டிக் அடிப்பதா, ‘இல்லை’ என்ற கட்டத்தில் அடிப்பதா? யோசித்துக்கொண்டிருக்கும்போதே காபி வந்துவிட்டது. காபியைக் குடித்தேன்.

விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். பதிப்பகங்களில் வேலைக்கு ஆள் எடுப்பது எப்படி, யார் உள்ளே வருகிறார்கள், யார் வாசலோடு திரும்பிப் போகிறார்கள் என்று ஓர் ஆய்வுக் குழு ஊர் ஊராக விசாரித்துக்கொண்டிருக்கிறது. திருச்சிக்கு ஆள் தேடியவர்கள் என்னைப் பிடித்தார்கள். இருபத்தாறு வருடம் ஒரு பதிப்பகத்தில் புரூஃப் பார்த்துக் கண்ணாடியின் பவரை ஏற்றிக்கொண்டவள், இப்போது ரிட்டயராகி வீட்டில் இருக்கிறாள், வாரம் ஒரு பத்தி எழுதுகிறாள்... வேறு என்ன தகுதி வேண்டும்? இந்தப் பக்கத்தை விடாமல் படிக்கிற உங்களுக்குத்தான் தெரியுமே, யார் எதைக் கேட்டாலும் எனக்கு ‘முடியாது’ என்று சொல்ல வாய் வராது.

இரண்டாவதாகப் போன இடம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கம். கீழே பைண்டிங், மாடியில் ஆபீஸ். அங்கே இருந்த மேனேஜர் ரொம்ப வெளிப்படையானவர்.

“ஆள் தேவைப்பட்டா என்ன செய்வீங்க?”

“தெரிஞ்சவங்க யாராவது சொல்வாங்க. எடுத்துக்குவோம்.”

“விளம்பரம் போட மாட்டீங்களா?”

“அய்யய்யோ... விளம்பரம் போட்டா யார் யாரோ வந்துடுவாங்களே!”

ஒன்பது பக்கப் படிவத்துக்கும் சேர்த்து ஒரே வரியில் பதில் சொல்லிவிட்டார். யார் யாரோ வந்துவிடுவார்கள். மாடியில் உட்கார்ந்திருந்த நாலு பேரும் ஏதோ ஒரு வழியில் ஒருவருக்கொருவர் உறவு. கீழே அச்சுத் தாளைப் பாரம் பாரமாக மடித்துக்கொண்டிருந்த பெண்கள் எல்லோரும் ஒரே ஊர், அதிலும் ஒரே தெரு. அந்த மாடிப்படியில் தாராளமாக ஏறி இறங்கியது காபித் தம்ளர் மட்டும்தான்.

வெளியே வரும்போது எனக்குள் ஒரு கர்வம். எங்கள் பதிப்பகம் இப்படி இருந்ததில்லை என்று. ஏன் இருந்ததில்லை? நான் இருக்க விடவில்லை! எழுதுவதற்குக் கொஞ்சம் கூச்சமாக இருந்தாலும் அன்றைக்கு மனதில் ஓடியது இதுதான்.

கர்வத்துக்குக் காரணம் ஒரு பரீட்சை.

அதற்கு முன்னால், நான் எப்படி வேலைக்குச் சேர்ந்தேன் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஸ்ரீரங்கத்தில், வடக்குச் சித்திரை வீதியில், அப்பா ஒருநாள் சாயங்காலம் பதிப்பகத்துப் பெரிய முதலாளியை எதேச்சையாகப் பார்த்தார். “பொண்ணு தமிழ் எம்.ஏ. முடிச்சுட்டு ஆத்துல சும்மாதான் இருக்கா” என்றாராம். “நம்மாத்துப் பொண்ணுன்னா என்ன யோசனை? நாளைக்கே வரச் சொல்லுங்கோ” என்றாராம் அவர். மறுநாள் திருவானைக்காவல் ஆபீசுக்குப் போனேன். ஒரு நாற்காலியைக் காட்டினார்கள். உட்கார்ந்தேன். பரீட்சையா? எனக்கா? ஒருவரும் ஒரு வார்த்தை எழுதிக் காட்டச் சொல்லவில்லை.

சேர்ந்து சில வருடம் கழித்து வேலை கழுத்து வரை வந்துவிட்டது. இன்னொரு ஆள் வேண்டும் என்று ஆனது. பெரிய முதலாளி வழக்கம்போல, “தெரிஞ்சவா யாரையாவது பாக்கறேன்” என்று ஆரம்பித்தார். எனக்குள் என்ன புகுந்ததோ, “இந்தத் தடவை விளம்பரம் போடலாம் சார். பரீட்சை வைக்கலாம். யாரு நன்னா எழுதறாளோ அவாளை எடுத்துக்கலாம்” என்று சொல்லிவிட்டேன். ஓசியில் உள்ளே வந்தவள் மற்றவர்களுக்குப் பரீட்சை வைக்கக் கிளம்பியது எனக்கு அப்போது தமாஷாகப் படவில்லை. புரட்சியாகப் பட்டது.

பரீட்சையை அவ்வளவு அழகாகத் திட்டம் போட்டேன். பதினோரு பேர் வந்தார்கள். பேர் எழுதக் கூடாது, எண் மட்டும். பேர், விலாசம் எல்லாம் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கவரில் போட்டு ஒட்டி, விடைத்தாளின் பின்னால் ஸ்டேப்ளர் அடித்தாகிவிட்டது. திருத்தி முடிக்கும் வரை பிரிக்கக் கூடாது. எழுதியவர் யார், எந்தத் தெரு, எந்தச் சாமி... எனக்கு எதுவும் தெரியாது. இதைவிடச் சமத்துவம் என்ன வேண்டும்?

மொத்தம் ஐம்பது மார்க். முதல் பகுதியில் ஒரு பக்கம், அதில் நான் வேண்டுமென்றே விட்டுவைத்த இருபத்தைந்து பிழைகள். கண்டுபிடிக்க வேண்டும். இரண்டாம் பகுதியில் சொந்தமாகப் பத்து வரி எழுத வேண்டும். பிழைக்கு ஒரு மார்க் கழிப்பேன். தலைப்பு — ‘நேற்று எங்கள் வீட்டில் என்ன சமையல்?’

இந்தத் தலைப்பைக் கண்டுபிடித்ததற்காக என்னை நானே தட்டிக்கொடுத்துக்கொண்டேன். அணுசக்தி பற்றி எழுது என்றால் படித்தவனுக்குச் சுலபம், மற்றவனுக்குக் கஷ்டம். சமையல் என்றால்? எல்லா வீட்டிலும் அடுப்பு எரியும் அல்லவா? எனக்குத் தெரியாது என்று யாரும் சொல்ல முடியாதே!

நாலாம் எண் நாற்பத்தெட்டு மார்க் வாங்கினார். சேர்ந்தார். நல்ல பெண். ஒரு வருடம்கூட ஆகவில்லை, கல்யாணமாகி பெங்களூர் போய்விட்டார். “இனிமே ஆளெல்லாம் வேண்டாம்மா, நீயே பாத்துக்கோ” என்று சொல்லிவிட்டார் பெரிய முதலாளி.

அதற்குப் பிறகு எனக்கு எதிரே இருந்த நாற்காலி காலிதான். அதில் புரூஃப் கட்டுகள் உட்கார்ந்தன, குடை உட்கார்ந்தது, டிபன் பாக்ஸ் உட்கார்ந்தது. ஆள் உட்காரவே இல்லை. புரூஃப் பார்க்கிறவளின் தனிமை உங்களுக்குப் புரியுமா என்று தெரியவில்லை. ஒரு நல்ல சொல் கண்ணில் படும், நிமிர்ந்தால் சொல்ல ஆள் இருக்காது. ‘கறுப்பா கருப்பா’ என்று சண்டை போட ஆள் இருக்காது. பெரிய எழுத்தாளர் ஒருவர் அசட்டுத்தனமாக ஒரு வரி எழுதியிருப்பார், தலையில் அடித்துக்கொண்டு சிரிக்கவும் துணை இருக்காது. வீட்டுக்கு வந்து சொன்னால், “எனக்குச் சாதம் போடு முதல்ல” என்பார் என்னவர். நான் ஏங்கிப்போயிருக்கிறேன். பதவி உயர்வுக்கு இல்லை, எதிரே ஓர் ஆளுக்கு.

சரி, கதைக்கு வருகிறேன்.

மூன்றாவதாகப் போனது எங்கள் பதிப்பகத்துக்கேதான். பெரிய முதலாளி இப்போது இல்லை. அவர் மகன் கண்ணன் பார்த்துக்கொள்கிறார். நான் சேர்ந்தபோது காலேஜ் படித்துக்கொண்டிருந்தவர், இப்போது தலை முழுக்க நரை.

“வாங்கோ மாமி! நீங்களே கேள்வி கேக்கப் போறேளா? அப்ப பதிலும் நீங்களே எழுதிண்டுடுங்கோ” என்று சிரித்தார். படிவத்தைப் புரட்டிப் பார்த்தவர், “நம்மகிட்டதான் நீங்க வெச்ச பரீட்சை இருக்கே! அந்த ஃபைல்கூட பீரோ மேல எங்கியோ கிடக்கு” என்றார்.

எனக்கு வாயெல்லாம் பல். “எடுங்கோ, எடுங்கோ. படிவத்தோட வெச்சுடலாம்” என்றேன். ஊருக்கே காட்ட வேண்டிய உதாரணம் ஆயிற்றே!

ஃபைல் வந்தது. தூசியைத் தட்டிப் பிரித்தேன். என் சிவப்பு மசி கொஞ்சம் பழுப்பாகியிருந்தது. ஒவ்வொரு தாளாகப் புரட்டிக்கொண்டே வந்தவள் ஏழாம் எண்ணில் நின்றேன். முதல் பகுதியில் இருபத்தைந்துக்கு இருபத்தைந்து. பதினோரு பேரில் வேறு யாரும் அத்தனையையும் பிடிக்கவில்லை. இரண்டாம் பகுதி இப்படி ஆரம்பித்தது:

‘நேற்று எங்கள் வீட்டில் மீன் ஆணம். மழை பிடித்துக்கொண்டதால் அத்தா மீனோடு நனைந்துகொண்டே வந்தார். ஆணம் கொதிக்கும்போது அம்மா மூடியைத் திறக்க விடமாட்டார். வாசனை தெருவுக்குப் போய்விட்டால் நமக்கு என்ன மிஞ்சும் என்பார். எனக்கு மறுநாள் காலையில் சட்டியில் ஒட்டியிருக்கிற பழைய ஆணம்தான் பிடிக்கும்...’

மூன்று ‘ஆண’த்தையும் சுற்றி மூன்று சிவப்பு வட்டம். பக்கத்து ஓரத்தில் என் கையெழுத்து: ‘எழுத்துபிழை. இப்படி ஒரு சொல் இல்லை. சொல்வளம் போதாது.’ மூன்று மார்க் கழிவு. மொத்தம் நாற்பத்தேழு. ஒரே மார்க்கில் வேலை போயிருக்கிறது.

உண்மையைச் சொல்கிறேன், முதலில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. ‘நன்றாக எழுதியிருக்கிறாரே, பாவம், இப்படிப் பிழை விட்டாரே’ என்றுதான் தோன்றியது. அப்புறம் ஏதோ ஒரு நெருடல். ஒரே சொல்லை மூன்று இடத்திலும் ஒரே மாதிரியா தப்பாக எழுதுவார்கள்? எழுந்து போய் அலமாரியிலிருந்து அகராதியை எடுத்தேன். இருபத்தாறு வருடம் என் நாற்காலியிலிருந்து கை நீட்டினால் எட்டுகிற தூரத்தில் இருந்த அதே அகராதி.

இருந்தது. ஆணம் — குழம்பு. அதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பொருளும் போட்டிருந்தது. அன்பு.

அகராதியை மூடிவிட்டு உட்கார்ந்தேன். கண்ணன், “என்ன மாமி, ஒடம்பு சரியில்லையா?” என்றார். விடைத்தாளை மறுபடி கையில் எடுத்தேன்.

அன்றைக்கு ஏன் எனக்குக் கை நீளவில்லை? சந்தேகம் வரவில்லை, அதனால்தான். சந்தேகம் வந்தால்தானே அகராதி? குழம்பு, சாற்றமுது, கூட்டு, பொரியல்... எங்கள் வீட்டு அடுப்பில் இருந்ததுதான் தமிழ் என்று நினைத்திருக்கிறேன். எழுதியவர் பேரைக் கவரில் போட்டு ஒட்டினேன். திருத்துகிறவள் யார் என்பதை எந்தக் கவரில் போட்டேன்? திருத்துகிறவளுக்கும் ஒரு தெரு உண்டு, ஒரு சாமி உண்டு, ஒரு சமையல் உண்டு. அது எனக்குத் தோன்றவே இல்லை. வேண்டியவர்களுக்கு வேலை கொடுப்பவர் ஒரு வாசலை அடைக்கிறார் என்றால், அவராவது தெரிந்து அடைக்கிறார். நான் வாசலைத் திறந்து வைத்ததாக நினைத்துக்கொண்டு அடைத்திருக்கிறேன்.

கழித்த மூன்று மார்க்கையும் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். ஐம்பதுக்கு ஐம்பது.

பின்னால் கவரில் இருந்த சீட்டில், மெஹர்பானு, பாலக்கரை என்று விலாசம். விடைத்தாளைப் போனில் போட்டோ எடுத்துக்கொண்டேன். கிளம்பும்போது கண்ணன், “மாமி, உங்களுக்குத் தெரிஞ்சவா யாராவது புரூஃப் பாக்கறவா இருந்தா சொல்லுங்கோ. நீங்க போனதுலேர்ந்து சரியான ஆளே அமையலை” என்றார். மனிதர்கள் மாறுவார்கள், வாக்கியம் மாறாது போலிருக்கிறது!

மறுநாள் பாலக்கரைக்குப் போனேன். எதற்காகப் போகிறாய் என்று என்னவர் கேட்டார். மன்னிப்புக் கேட்கவா? அதுவும்தான். ஆனால் அதைவிடப் பெரிய ஆசை ஒன்று, அந்தப் பத்து வரியை எழுதிய ஆளை ஒருமுறை நேரில் பார்த்துவிட வேண்டும். எனக்கு எதிரே உட்கார்ந்திருக்க வேண்டிய ஆள் அல்லவா?

அந்த வீட்டில் இப்போது வேறு குடும்பம். நல்லவேளையாக அவர்களுக்குத் தெரிந்திருந்தது. “மெஹர் அக்காவா? புத்தூர்ல டிடிபி சென்டர் வெச்சிருக்காங்க” என்றார்கள். இடத்தையும் விளக்கினார்கள். நான் குடியிருப்பதும் புத்தூர்தான். அந்தக் கடையைத் தாண்டித்தான் தினமும் காய்கறி வாங்கப் போகிறேன்.

சின்னக் கடை. ஒரு கம்ப்யூட்டர், ஒரு ஜெராக்ஸ் மெஷின், சுவரோரம் கறுப்பு அட்டை போட்ட ஆராய்ச்சிக் கட்டுரைகளின் அடுக்கு. நாற்பத்தைந்து வயது சொல்லலாம், தலையில் முக்காடும் மூக்கின் நுனியில் கண்ணாடியுமாக ஒரு பெண்மணி டைப் அடித்துக்கொண்டிருந்தார்.

“மெஹர்பானுங்கிறது...?”

“நான்தாங்க. பிரின்ட் அவுட்டா?”

“இல்லீங்க. நான் திருவானைக்காவல்ல ஒரு பதிப்பகத்துல வேலை பார்த்தவ. ரொம்ப வருஷத்துக்கு முன்னாடி அங்க நீங்க ஒரு பரீட்சை எழுத வந்தீங்க. ஞாபகம் இருக்கோ என்னவோ...”

கீபோர்டில் கை நின்றது.

“ஏழாம் நம்பர்” என்றார்.

ஸ்டூலை இழுத்துப் போட்டு, “உக்காருங்க” என்றார்.

“அதுல நான் என்ன தப்பு பண்ணேன்னு யாருமே சொல்லலீங்க. ‘தேர்வு செய்யப்படவில்லை’ன்னு ஒரு கார்டு மட்டும் வந்துச்சு. எனக்கு ‘ர’வும் ‘ற’வும் கொஞ்சம் தகராறு. அதுவாத்தான் இருக்கும்னு நெனச்சேன். இல்லாட்டி சந்திப்பிழையா இருக்கும். ஒரு இலக்கணப் புஸ்தகம் வாங்கி ஒரு வருஷம் உக்காந்து படிச்சேன். அடுத்த தடவை விளம்பரம் வந்தா விட்டுடக் கூடாதுன்னு. விளம்பரமே வரல.”

அந்தக் கார்டை எழுதியதும் நான்தான். அதைச் சொன்னேன். தாளைத் திருத்தியதும் நான்தான் என்பதையும் சொன்னேன். போனை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

விரலால் பெரிதாக்கிப் பார்த்தார். முதலில் அவர் படித்தது என் சிவப்பு மசியை இல்லை, தன்னுடைய வரிகளைத்தான். “அத்தா மீனைச் சட்டைக்குள்ள வெச்சு மூடிக்கிட்டு வந்தாங்க அன்னிக்கு” என்று சிரித்தார். “மவுத்தாகி ஆறு வருஷம் ஆச்சு” என்றார், அப்பா காலமானதை. அப்புறம் வட்டங்களைப் பார்த்தார். ஒன்று, இரண்டு, மூன்று.

“ஆணத்துக்கா?” என்றார்.

“ஆமாங்க.”

“நீங்க நம்ப மாட்டீங்க... குழம்புன்னு எழுதலாம்னுதான் முதல்ல நெனச்சேன். பரீட்சையாச்சே. அப்புறம், அவங்க கேக்குறது தமிழ், நம்ம வீட்டுல பேசுறதும் தமிழ்தானே, எதுக்கு மாத்தணும்னு ஆணம்னே எழுதிட்டேன்.”

“எனக்கு அந்தச் சொல் தெரியலைங்க. தெரியாதுன்னும் தெரியலை. என்னை மன்னிச்சுக்கணும்” என்றேன்.

‘பரவாயில்லைங்க’ என்று சொல்வார் என்று எதிர்பார்த்தேன். நம் ஊரில் அதுதானே வழக்கம்? காலை மிதித்தாலும் ‘பரவாயில்லை’, வாழ்க்கையை மிதித்தாலும் ‘பரவாயில்லை’. அவர் சொல்லவில்லை. ஏன் சொல்ல வேண்டும்? போட்டோவை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கினார். எனக்கு எழுந்து போய்விடலாமா என்று இருந்தது.

திடீரென்று, “மேடம், இங்க ஒரு ‘ப்’ விட்டுப்போச்சே” என்றார்.

“எங்க?”

“‘எழுத்துபிழை’ன்னு எழுதியிருக்கீங்க. எழுத்துப்பிழைல்ல?”

பார்த்தேன். ஆமாம். ‘எழுத்துப்பிழை’ என்று எழுதுவதிலேயே எழுத்துப்பிழை விட்டிருக்கிறேன். அதுவும் சிவப்பு மசியில்! நான் அவரைப் பார்த்தேன், அவர் என்னைப் பார்த்தார். அப்புறம் இரண்டு பேருக்கும் சிரிப்பை அடக்க முடியவில்லை. ஜெராக்ஸ் எடுக்க வந்த ஒருவர் எங்களை விநோதமாகப் பார்த்துவிட்டு வாசலிலேயே நின்றார்.

சிரித்து முடித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது. இந்தச் சிரிப்புக்காகத்தான் அத்தனை வருடம் தவித்திருக்கிறேன். இது பாலக்கரையில் இருந்திருக்கிறது. புத்தூரில் இருந்திருக்கிறது. திருவானைக்காவலுக்கு வராமல் தடுத்தது நான்.

பக்கத்துக் கடைப் பையனிடம் டீ வாங்கி வரச் சொன்னார். பேசிக்கொண்டிருந்தோம். டைப் அடிக்க வருகிற ஆராய்ச்சிக் கட்டுரைகளில் இருக்கிற பிழைகளையெல்லாம் கேட்காமலே திருத்திவிடுவாராம். “நன்றியுரைல மாமனார் பேரு வரும், ஹாஸ்டல் வார்டன் பேரு வரும். என் பேரு மட்டும் வராது” என்றார். வருத்தமாகச் சொல்லவில்லை, ஜோக்காகத்தான் சொன்னார். ஆனால் அடுத்துச் சொன்னது ஜோக் இல்லை.

“ஒண்ணாம் நம்பர் பஸ்ல ஸ்ரீரங்கம் பக்கம் போறப்பல்லாம் உங்க போர்டு வர்ற எடத்துல எட்டிப் பார்ப்பேங்க. மாடில லைட் எரியும். உள்ளார யாரு உக்காந்து என்ன புஸ்தகம் பார்த்துக்கிட்டிருக்காங்களோன்னு நெனச்சுக்குவேன். ஒரே ஒரு புஸ்தகத்தையாவது முதல் பக்கத்துலேருந்து கடைசிப் பக்கம் வரைக்கும் நானே பார்த்து அனுப்பணும்னு ஒரு ஆசை. இன்னும் போகல.”

உள்ளே உட்கார்ந்திருந்தது நான்தான். எதிரே ஆள் இல்லையே என்று ஏங்கிக்கொண்டு. கீழே ரோட்டில் பஸ் ஜன்னலோரம் இவர், மேலே நான். இருவருக்கும் நடுவில் நான் வரைந்த மூன்று வட்டம்.

“இப்ப அங்க ஆள் வேணுமாம்” என்றேன் அவசரமாக. “நான் சொன்னா போதும். நாளைக்கே...”

“வேண்டாங்க” என்றார்.

நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன்.

“வேலை வேண்டாம்னு சொல்லல. நீங்க சொல்லிச் சேர்த்துக்கிட்டாங்கன்னு வேண்டாம். பரீட்சை வைக்கச் சொல்லுங்க. வேற யாரும் எழுத வந்தாலும் வரட்டும். நானும் எழுதுறேன்” என்றவர், கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்துக்கொண்டே கேட்டார்: “ஆனா பேப்பரை யாருங்க திருத்துவாங்க?”

வாசகர்களே, என் படிவத்தில் எத்தனையோ கேள்வி இருந்தது. இது இல்லை. நான் திருத்த மாட்டேன் என்று சொல்லலாம். வேறு யார் திருத்தினாலும் அவருக்கும் ஒரு வீடு இருக்கும், அந்த வீட்டில் ஓர் அடுப்பு இருக்கும், அந்த அடுப்பில் ஏறாத சொல் ஒன்று இருக்கத்தான் செய்யும். அப்படியானால் என்னதான் வழி?

வீட்டுக்கு வந்து நெடுநேரம் யோசித்தேன். அவர் முதலில் சொன்ன வாக்கியம்தான் திரும்பத் திரும்பக் காதில் விழுந்தது. என்ன தப்பு பண்ணேன்னு யாருமே சொல்லலீங்க. கண்ணனுக்குப் போன் போட்டேன். விளம்பரம் போட வேண்டும், பரீட்சை வைக்க வேண்டும், யார் வேண்டுமானாலும் திருத்தட்டும். ஆனால் திருத்திய தாளை எழுதியவர் கையில் கொடுத்து, “இது பிழையா இல்லையா, நீங்க என்ன சொல்றீங்க?” என்று கேட்ட பிறகுதான் மார்க்கைக் கூட்ட வேண்டும் என்றேன்.

கண்ணன் விளம்பரத்துக்கு ஒத்துக்கொண்டார், பரீட்சைக்கும் ஒத்துக்கொண்டார். கடைசி விஷயத்துக்குத்தான் இழுத்தார்.

“ஒவ்வொரு சொல்லுக்கும் சண்டைக்கு வந்துடுவாளே, மாமி!”

வரட்டுமே. இத்தனை வருடம் நான் ஏங்கியது அந்தச் சண்டைக்குத்தானே!